பரிந்துரைச் சீட்டும் தணிக்கையாளரின் கையெழுத்தும்: திருப்பூரில் ஒரு நிகழ்வு ஆய்வு

பதிவின் நோக்கம்

திருப்பூரில் தனியாகத் தொழில் தொடங்கிய ஓர் இளம் பட்டயக் கணக்காளர், வாரம் ஒருமுறை கூடும் வணிகப் பரிந்துரைக் குழு ஒன்றில் 2022 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை உறுப்பினராக இருந்தார். அந்த இரண்டரை ஆண்டில் அவருடைய தொழில் வளர்ந்ததும், அந்த வளர்ச்சியே ஒரு வரித் தணிக்கையில் அவருடைய கையைக் கட்ட வந்ததும், அவர் எடுத்த முடிவும் அதற்குக் கொடுத்த விலையும் இங்கே காலவரிசைப்படி பதிவாகின்றன. அவர் என்னிடம் ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது பட்டயக் கணக்காளர் படிப்புக்கான கட்டாயத் தொழிற்பயிற்சி, பயின்றவர். இந்த நிகழ்வில் எனக்கும் பங்குண்டு; அதில் ஒரு பகுதியை நான் சரியாகச் செய்யவில்லை. அவருடைய இசைவோடு எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட வாடிக்கையாளரை யாரும் இனங்காணாதபடி தொகைகளும் சில தொழில் விவரங்களும் மாற்றப்பட்டுள்ளன. சட்டப் பிரிவுகளும் அவை நடைமுறைக்கு வந்த தேதிகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

பின்புலம்

அவர் 1996-இல் பிறந்தவர். தந்தை பனியன் கம்பெனி ஒன்றில் அயர்னிங் மாஸ்டர். தாய் பவர் டேபிள் டெய்லர். பெரிய கம்பெனியில் அல்ல, பெரிய கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்தவர். திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை மாலை கையில் வரும். கம்பெனியிலிருந்து ஜாப் ஒர்க் பில்லுக்குப் பணம் வராத வாரங்களில் யூனிட்டின் உரிமையாளர் பாதிச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு மீதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளுவார். அந்தச் சனிக்கிழமைகள் வீட்டில் எப்படி இருக்கும் என்பதை ஆர்ட்டிகிள்ஷிப்பின் முதல் ஆண்டிலேயே, கடன்பட்டோர் வயதுப் பட்டியல் (யாருடைய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியல்) ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவை என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

தமிழ் வழியில் படித்து, 2013-இல் பிளஸ் டூ முடித்த கையோடு, பட்டயக் கணக்காளர் படிப்பின் அன்றைய நுழைவுத் தேர்வான சி.பி.டி.யில் தேறினார். மறு ஆண்டு இடைநிலைத் தேர்வான ஐ.பி.சி.சி. முடித்து, 2014 ஆகஸ்டில் என் அலுவலகத்தில் மூன்றாண்டு ஆர்ட்டிகிள்ஷிப்பைத் தொடங்கினார். பி.காம். பட்டத்தை அஞ்சல்வழியில் பெற்றார். அவருடைய பயிற்சியின் கடைசி வாரங்களில், 2017 ஜூலை 1 அன்று, ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கும் அவரைப் போன்ற பயிற்சியாளர்களுக்கும் அன்று ஒரே புத்தகம்தான், ஒரே முதல் பக்கம்தான். டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் என்று ஒரு பனியன் பல கைகள் மாறி உருவாகும் ஊரில், எந்தக் கட்டத்தில் யார் பில் போடுவது, எதற்கு டெலிவரி சலான் மட்டும் போதும் என்பதை அவர் எங்களுக்குச் சமமாக உட்கார்ந்து கற்றார். ஜாப் ஒர்க் கணக்கில் அவருக்குள்ள தெளிவு அங்கிருந்து வந்தது.

இறுதித் தேர்வு எளிதில் கைகூடவில்லை. 2017 நவம்பரில் முதல் முயற்சி; இரு குரூப்பும் முடிந்தது 2019 நவம்பர் தேர்வில். அதன்பின் கோயம்புத்தூரில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் இரண்டாண்டு சம்பளத்துக்குப் பணியாற்றிவிட்டு, 2022 ஏப்ரலில் திருப்பூர் அவிநாசி சாலையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்கினார். குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர்தான். தணிக்கைத் தொழிலில் தந்தையோ மாமனாரோ விட்டுச்சென்ற வாடிக்கையாளர்கள் என்று அவருக்கு ஒருவரும் இல்லை.

குழுவில் சேர்ந்தது

முதல் ஆறு மாதத்தில் அவருக்கு ஏழு வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள். வாடகை, ஓர் உதவியாளரின் சம்பளம், மென்பொருள் கட்டணம் ஆகியவை போக மிச்சம் இல்லை. மற்ற தொழில்களில் இந்த நிலைக்கு விளம்பரம் என்ற வழி உண்டு. பட்டயக் கணக்காளருக்கு அந்த வழி இல்லை. பட்டயக் கணக்காளர் சட்டம், 1949-இன் முதல் அட்டவணை, முதல் பகுதியில் உள்ள 6-ஆம் பிரிவு நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்பதைத் தொழில் ஒழுங்கீனமாகக் கருதுகிறது; 7-ஆம் பிரிவு விளம்பரத்துக்குத் தடை விதிக்கிறது. அன்றைய விதிப்படி இணையதளம் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தேடி வருபவர் பார்க்கும்படி இருக்க வேண்டுமே தவிர, யாரிடமும் கொண்டுபோய் நீட்டக் கூடாது.

அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளர் அவரைப் பரிந்துரைக் குழு ஒன்றுக்கு விருந்தினராக அழைத்துச் சென்றார். ஒவ்வொரு செவ்வாயும் காலை ஏழே காலுக்கு ஓர் ஓட்டல் அரங்கில் நாற்பதுக்கு மேற்பட்டோர் கூடுகிறார்கள். ஒரு தொழிலுக்கு ஓர் இடம். ஒரு கட்டடப் பொறியாளர் இருந்தால் இன்னொருவர் சேர முடியாது. ஒவ்வொருவரும் எழுந்து முக்கால் நிமிடம் தம் தொழிலையும், தமக்கு எத்தகைய வாடிக்கையாளர் வேண்டும் என்பதையும் சொல்கிறார்கள். பிறகு ஒருவருக்கொருவர் பரிந்துரைச் சீட்டு கொடுக்கிறார்கள். யார் எத்தனை சீட்டு கொடுத்தார், அதனால் எவ்வளவு வியாபாரம் நடந்தது, யார் எத்தனை விருந்தினரை அழைத்து வந்தார் என்பதற்கெல்லாம் மாதந்தோறும் மதிப்பெண் பட்டியல் வெளியாகும். அந்தக் குழுவில் ஆடிட்டருக்கான இடம் காலியாக இருந்தது. ஆண்டுக் கட்டணமும் வாராந்திரக் காலை உணவுச் செலவும் சேர்ந்து அவருடைய ஆறு மாத அலுவலக வாடகையைத் தாண்டியது.

சேருவதற்கு முன் என்னிடம் கேட்டார். யாருக்கும் கமிஷன் கொடுக்காதே என்றேன். கட்டணத்தில் பங்கு கொடுப்பதை 2-ஆம் பிரிவு தடுக்கிறது. எழுந்து நின்று வேலை கேட்காதே, உன் துறையில் ஒரு விஷயத்தை விளக்கிவிட்டு உட்கார் என்றேன். இவ்வளவும் சரி. ஆனால் ஊழியரோ பங்குதாரரோ அல்லாத ஒருவர் மூலம் தொழில் பெறுவதைப் பற்றி 5-ஆம் பிரிவு சொல்வதை நான் எடுத்துக் காட்டவில்லை. ஒருவருக்கொருவர் வேலை கொண்டுவருவதையே கடமையாகக் கொண்ட அமைப்பு இந்தப் பிரிவுகளின் முன் நிற்குமா என்று அவர் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்; அவர் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. பிழைப்புக்கு வழியில்லாமல் ஒரு நல்ல மாணவி தொழிலை மூடிவிடுவாரோ என்ற அச்சம் அன்று எனக்கு முன்னால் நின்றது.

முதல் பதினெட்டு மாதம்

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். நாற்பது பேர் கொண்ட அந்த அரங்கில் பெண்கள் ஐந்து பேர்தான். பேச எழுந்தால் குரல் கம்மும் நிலையில் சேர்ந்தவர், மூன்றாம் மாதத்தில், சரக்கோடு போக வேண்டிய இ-வே பில்லில் நேரும் பிழைகளை முக்கால் நிமிடத்தில் சொல்லி முடிக்கக் கற்றுக்கொண்டார். ஸ்கிரீன் பிரிண்டிங், லேபிள், அட்டைப்பெட்டி, சரக்குப் போக்குவரத்து ஆகிய தொழில்கள் உள்ளே எப்படி நடக்கின்றன என்பதை அந்தந்தத் தொழில் செய்பவர்களின் பட்டறையிலேயே உட்கார்ந்து தெரிந்துகொண்டார். தணிக்கையாளருக்கு அந்த அறிவு வீண் போகாது.

வாடிக்கையாளர் எண்ணிக்கை 2024 மார்ச்சில் 46 ஆயிற்று. அதில் 19 பேர் குழுவின் வழியாக வந்தவர்கள். அந்த 19 பேரில் 11 பேரைக் கொண்டுவந்தவர் ஒரே உறுப்பினர்: ஐரோப்பாவுக்குப் பின்னலாடை அனுப்பும் நடுத்தர ஏற்றுமதியாளர், அந்த ஆண்டு குழுவின் தலைவர். அவர் கொண்டுவந்த 11 பேரில் பலர் அவருக்கே ஜாப் ஒர்க் செய்பவர்கள். தம் நிறுவனத்தின் வரித் தணிக்கையையும் 2023-இல் இவரிடமே ஒப்படைத்தார். தம்மை விட இருபது வயது இளையவரை "ஆடிட்டரம்மா" என்று எல்லார் முன்னிலையிலும் மரியாதையாக அழைத்தவர். இவரும் அவரை "அண்ணா" என்றே அழைத்தார். அந்த ஒருவரையும் அவர் வழி வந்தவர்களையும் சேர்த்தால் அலுவலக வருமானத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. இந்தக் கணக்கை அவர் அப்போது போட்டுப் பார்க்கவில்லை. ஒரு வாடிக்கையாளரின் கணக்கில் ஒரே கொள்முதலாளரிடம் நாற்பது விழுக்காடு விற்பனை இருந்தால் அதை அபாயம் என்று எழுதுபவர்கள் நாம்.

இரண்டு அறிகுறிகளை அப்போதே கவனித்திருக்க வேண்டும். ஒன்று, சீட்டு வாங்கினால் சீட்டு கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி. மாத மதிப்பெண் குறைந்தபோது தம் வாடிக்கையாளர் ஒருவரைக் குழுவின் காப்பீட்டு முகவரிடம் அனுப்பினார். அந்தப் பாலிசி தம் தேவைக்குப் பொருந்தவில்லை என்று வாடிக்கையாளர் பின்னால் வருத்தத்தோடு சொன்னார்: "நீங்க சொன்னதுனாலதானுங்க போட்டேன்." ஆடிட்டர் சொல்லும் பெயரை மக்கள் மதிப்பெண்ணுக்காகச் சொன்ன பெயராக எடுத்துக்கொள்வதில்லை. மற்றொன்று, பட்டயக் கணக்காளர்களின் படிப்பு வட்டக் கூட்டங்களுக்கு அவர் வருவது நின்றுபோனது. வாரத்தில் ஒரு காலை குழுவுக்கு, இன்னும் இரண்டு மாலைகள் உறுப்பினர்களைத் தனித்தனியே சந்திப்பதற்கு என்று போனபின், சக தணிக்கையாளர்களோடு உட்கார நேரம் மிஞ்சவில்லை.

2024 பிப்ரவரி: பத்து நிமிடப் பேச்சு

குழுவில் முறை வைத்து ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் பேச வாய்ப்பு வரும். தம் முறை வந்தபோது அவர் எடுத்துக்கொண்டது 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 43பி (எச்) பிரிவு. 2023 நிதிச் சட்டம் சேர்த்த இந்தப் பிரிவு, 2023-24 கணக்காண்டிலிருந்தே நடைமுறைக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் குறிக்கும் கெடுவுக்குள் தராவிட்டால், அந்தச் செலவை அந்த ஆண்டில் கழித்துக்கொள்ள முடியாது; பணம் உண்மையில் கொடுக்கப்படும் ஆண்டில்தான் கழிக்கலாம். எழுத்து மூலம் ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள். ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாள், ஆனால் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. மற்ற சில செலவுகளுக்கு உள்ளதுபோல, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் கெடுவுக்குள் கொடுத்தால் போதும் என்ற சலுகை இதற்குக் கிடையாது.

அறுபது நாள், தொண்ணூறு நாள் கடன் என்று பழகிய ஊரில் இது சிறிய மாற்றம் அல்ல. கூட்டத்தில் கொடுப்பவர்களும் இருந்தார்கள், வாங்குபவர்களும் இருந்தார்கள். வாங்க வேண்டியவர்கள் ஒன்றும் பேசவில்லை. கூட்டம் முடிந்தபின் ஓர் எம்பிராய்டரி யூனிட்காரர் தனியாக வந்து, உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருப்பவர்களுக்கு இனி கம்பெனிகள் வேலை தராதோ, பதிவை ரத்து செய்துவிடலாமா என்று கேட்டார். அந்தப் பதிவை 2023-இல் கட்டணம் வாங்காமல் செய்து கொடுத்தவரே இந்தத் தணிக்கையாளர்தான். ரத்து செய்ய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். ஏற்றுமதியாளர் அன்று எழுந்து நின்று பேச்சைப் பாராட்டினார்.

2024 செப்டம்பர்: தணிக்கையில் கண்டவை

வரித் தணிக்கை அறிக்கைக்குக் கடைசி நாள் செப்டம்பர் 30. ஏற்றுமதியாளரின் கணக்குப் புத்தகங்கள் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில்தான் வந்தன. 2024 மார்ச் 31 அன்று 14 ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குச் சேர்த்து 64 லட்சம் ரூபாய் பாக்கி நின்றது. அதில் ஒன்பது யூனிட்டுகள் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனங்கள்.

கொள்முதல் ஆணையில் 60 நாள் கடன் என்று ஒரு வரி அச்சிட்டிருந்தது. அதை எழுத்து மூல ஒப்பந்தமாக ஏற்று, கெடுவை 15 நாளாகக் கொள்ளாமல் 45 நாளாகக் கொண்டார். வாடிக்கையாளருக்குச் சட்டம் இடம் தரும் அளவுக்கு முழுமையாக இடம் கொடுத்த கணக்கு அது. அப்படிப் பார்த்தும், பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன்பே சரக்கை ஏற்றுக்கொண்டு ஆண்டு முடிவு வரை பணம் தராத பில்களும், மார்ச்சில் வந்து ஜூன், ஜூலையில் தீர்த்த பில்களும் சேர்ந்து 23 லட்சம் ரூபாய் கெடு தாண்டி நின்றது. வரித் தணிக்கைக்கான 3சிடி படிவத்தின் 22-ஆம் பத்தி 2024 மார்ச்சில் திருத்தப்பட்டு, இத்தகைய தொகையைத் தணிக்கையாளர் தெரிவிக்க வேண்டும் என்று ஆகியிருந்தது. கூட்டாண்மை நிறுவனத்துக்கான 30 விழுக்காடு வரியும் 4 விழுக்காடு செஸ்ஸும் சேர்த்துக் கணக்கிட்டால் அந்த ஆண்டில் 7 லட்சத்து 17 ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கூடுதல் வரி.

ஏற்றுமதியாளரைத் தீயவராக இங்கே வரைய எனக்கு விருப்பமில்லை. 2023 கடைசியிலிருந்து செங்கடல் வழியே போக வேண்டிய கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. சரக்கு தாமதமாகச் சேர்ந்தது, பணமும் தாமதமாக வந்தது. வங்கி வட்டி ஓடிக்கொண்டிருந்தது. அது கொடுக்காமல் பாக்கி நின்ற பணம், ஏமாற்ற நினைத்த பணம் அல்ல. ஆனாலும் அந்தப் பாக்கியின் மறுமுனையில் சனிக்கிழமைச் சம்பளம் இருந்தது.

செப்டம்பர் 27 அன்று இளம் தணிக்கையாளர் ஏற்றுமதியாளரிடம் கணக்கை விளக்கினார். இது நிரந்தரமாகப் போகும் பணம் அல்ல என்பதையும், ஜூன், ஜூலையில் கொடுத்துவிட்டதால் அடுத்த கணக்காண்டில் அதே 23 லட்சத்தையும் கழித்துக்கொள்ளலாம் என்பதையும் தாளில் போட்டுக் காட்டினார். அவர் கேட்டுக்கொண்டார், உடன்படவில்லை. முதலில் சொன்னது: அந்த யூனிட்டுகள் உத்யம் பதிவு பெறாதவை என்று எழுதிவிடலாம். ஒன்பதில் மூன்று யூனிட்டுகளுக்குப் பதிவுச் சான்றிதழை எடுத்துக் கொடுத்ததே இவர்தான். அந்த மூன்றும் இவருடைய வாடிக்கையாளர்கள், அவர் வழியாக வந்தவர்கள்.

அடுத்து அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது: "அவங்கெல்லாம் நான் கொண்டாந்து விட்டவங்கதானுங்க ஆடிட்டரம்மா. பில்லை ஏப்ரல் தேதி போட்டு மாத்திக் குடுக்கச் சொன்னாக் குடுத்துருவாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லோணும், அவ்வளவுதான். நம்ம குரூப்புக்குள்ளயே இப்படிப் பார்த்தா எப்படிங்க?"

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

அன்று இரவு இளம் தணிக்கையாளர் என்னோடு தொலைபேசியில் பேசினார். என்ன செய்ய வேண்டும் என்பதில் அவருக்கு ஐயம் இருக்கவில்லை. பில் தேதியை மாற்றுவது பொய் ஆவணம் உண்டாக்குவது. அது மட்டுமல்ல, ஜனவரி, பிப்ரவரி பில்கள் அந்த யூனிட்டுகள் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-1 என்ற விற்பனை விவரத்தில் எப்போதோ ஏறி, வாங்குபவரான ஏற்றுமதியாளரின் 2பி அறிக்கையில் வந்து, அவர் அவற்றுக்கான உள்ளீட்டு வரிக் கழிவையும் எடுத்துக்கொண்டுவிட்டார். மாற்றினால் எந்த நிலையிலும் அகப்படக்கூடிய ஒன்று. அகப்பட்டால் முதலில் சிக்குபவர் ஐந்து மிஷின் வைத்திருக்கும் ஜாப் ஒர்க்காரர்.

அவரை உண்மையில் வாட்டியது வேறு. அந்த மூன்று யூனிட்டுகளும் தம் வாடிக்கையாளர்கள். தங்கள் பில் தேதியை மாற்றச் சொல்லி யாரேனும் கேட்கப்போகிறார்கள் என்று அவர்களை எச்சரிக்கலாமா? ஏற்றுமதியாளரின் தணிக்கையில் தெரிந்துகொண்டதை அவருடைய இசைவில்லாமல் வெளியிடுவது அதே 1949 சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஒழுங்கீனம். எச்சரிக்காமல் இருந்தால், தம்மை நம்பியவர்கள் விளைவு தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிடக்கூடும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இதையே பேசினோம். கடைசியில் எடுத்த முடிவு இது: ஏற்றுமதியாளரின் பெயரையும் விவகாரத்தையும் யாரிடமும் சொல்வதில்லை, ஆனால் தம் வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் அனுப்பும் சுற்றறிக்கையில், ஏற்கெனவே ஜி.எஸ்.டி.யில் காட்டிய பில்லைத் தேதி மாற்றித் தரக் கூடாது, அப்படிக் கேட்டு யார் வந்தாலும் முதலில் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு பத்தியைச் சேர்ப்பது. இது பொது அறிவுரை, எல்லாருக்கும் போனது. இது போதுமா, எல்லை மீறியதா என்று இன்றும் எனக்குள் கேள்வி உண்டு. அந்த இரவில் இதைவிட நல்ல வழி எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

செப்டம்பர் 29 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் தணிக்கை அறிக்கைக்கான கெடுவை அக்டோபர் 7 வரை நீட்டித்தது. மற்றவர்களுக்கு மூச்சு விட வாய்ப்பாக அமைந்த அந்த ஒரு வாரம் இவருக்கு நெருக்கடியை நீட்டியது. அக்டோபர் 1, செவ்வாய்க்கிழமை. வழக்கமான கூட்டத்துக்குப் போனார். போகாமல் இருந்திருக்கலாம் என்று நான் நினைத்தேன். தவறு செய்யாதவர் ஏன் ஒளிய வேண்டும் என்று அவர் நினைத்தார். கூட்டம் முடிந்து வாகன நிறுத்தத்தில் மேலும் இரண்டு மூத்த உறுப்பினர்கள் சேர்ந்துகொண்டு, விட்டுக்கொடுத்துப் போகும்படி பேசினார்கள். மிரட்டல் என்று சொல்ல முடியாது. எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். தணிக்கையாளரின் சார்பின்மைக்கு நேரும் அச்சுறுத்தல்களாக நம் தொழில்நெறித் தொகுப்பு சொல்லும் ஐந்தில் மூன்று, அதாவது தன்னலம், நெருங்கிய பழக்கம், நெருக்குதல் ஆகியவை, அந்த வாகன நிறுத்தத்தில் ஒன்றாக நின்றன.

அன்று மாலை ஏற்றுமதியாளருக்குக் கடிதம் எழுதினார். 22-ஆம் பத்தியில் தாம் தெரிவிக்கப்போகும் தொகையையும் அதைக் கணக்கிட்ட முறையையும் குறிப்பிட்டு, இதில் கணக்குப் பிழை இருந்தால் ஆவணத்தோடு காட்டினால் திருத்தத் தயார் என்றும், வேறு தணிக்கையாளரை நியமிக்க விரும்பினால் தாம் தடையாக இருக்கப்போவதில்லை என்றும் அதில் இருந்தது. அக்டோபர் 3 அன்று ஏற்றுமதியாளரின் கணக்காளர் வந்து புத்தகங்களை எடுத்துச் சென்றார். மறுநாளே புதிய தணிக்கையாளரிடமிருந்து, பொறுப்பேற்கும் முன் முந்தைய தணிக்கையாளருக்கு எழுத வேண்டும் என்று 8-ஆம் பிரிவு கோரும் எழுத்து மூலக் கடிதம் வந்தது. இவருடைய பதில் இரண்டே வரி: இந்த மாற்றத்துக்குத் தொழில்முறைக் காரணங்கள் உள்ளன, வாடிக்கையாளர் எழுத்தில் இசைந்தால் அவற்றை விளக்கத் தயார். இசைவு வரவில்லை. அறிக்கை எப்படித் தாக்கலானது என்பதை அறிய அவர் முயலவும் இல்லை.

பின்விளைவு

குழுவிலிருந்து அவரை யாரும் நீக்கவில்லை. முகம் கொடுத்துப் பேசினார்கள், காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் மாதம் மூன்று நான்கு என்று வந்துகொண்டிருந்த சீட்டு 2024 நவம்பர் முதல் அடியோடு நின்றது. ஏற்றுமதியாளர் வழி வந்த 11 பேரில் ஒன்பது பேர் 2025 மார்ச்சுக்குள் ஒவ்வொருவராக விலகினார்கள். எல்லாரும் மரியாதையாகவே காரணம் சொன்னார்கள்: மைத்துனர் ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்திருக்கிறார், வீட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் கிடைத்திருக்கிறார். தங்களுக்கு ஜாப் ஒர்க் தரும் கம்பெனி முதலாளியின் சொல்லை மீற முடியாதவர்கள் மேல் அவருக்குக் கோபம் இல்லை. மூன்று யூனிட்டுகளில் இரண்டு மட்டும் அவரோடு தங்கின. அவற்றுள் ஒன்று, பிப்ரவரியில் பதிவை ரத்து செய்யலாமா என்று கேட்ட அந்த எம்பிராய்டரிக்காரருடையது. அவருக்கு இன்றுவரை எந்த விவரமும் தெரியாது.

வருமானம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. உதவியாளரை நிறுத்துவதற்குப் பதில் அவிநாசி சாலை அறையைக் காலி செய்து, உள்தெரு ஒன்றின் மாடிக்கு அலுவலகத்தை மாற்றினார். மார்ச் கடைசியில் குழுவின் இடத்தையும் விட்டுக்கொடுத்தார். விலகல் கடிதத்தில் யார் மேலும் குறை சொல்லவில்லை.

விலகிய பின்னும் இரண்டு உறுப்பினர்களோடு அவருடைய நட்பு தொடர்கிறது. பள்ளிச் சீருடை தைக்கும் பெண் தொழில்முனைவோர் ஒருவர், குழுவில் இருந்த இரண்டு ஆண்டில் ஒரு சீட்டும் தராதவர், 2025 ஏப்ரலில் தம் கணக்கைத் தாமாகவே கொண்டுவந்து கொடுத்தார். வாகன நிறுத்தத்தில் நடந்ததைத் தூரத்திலிருந்து பார்த்ததாக மட்டும் சொன்னார். வங்கிக் கடனுக்காக அவர் தயாரித்த திட்ட அறிக்கையைப் படித்த ஒரு கிளை மேலாளர் வழியாகவும் வேலை வரத் தொடங்கியிருக்கிறது. இழந்த வருமானம் முழுதும் இன்னும் திரும்பவில்லை.

இனி மாற்ற வேண்டியவை

முதலாவது என்னுடையது. இன்று ஒரு மாணவர் வந்து இத்தகைய குழுவில் சேரலாமா என்று கேட்டால், தொழில் சங்கத்தில் சேர், சேவைச் சங்கத்தில் சேர், ஆனால் வேலை கொண்டுவருவதையும் கொடுப்பதையும் எண்ணிக் கணக்கு வைக்கும் குழுவில் தணிக்கையாளராக உட்காராதே என்று 5, 6 ஆகிய பிரிவுகளைக் கையில் கொடுத்துச் சொல்வேன். கட்டடப் பொறியாளருக்கோ அச்சகத்தாருக்கோ அந்தக் குழு நல்ல ஏற்பாடாகவே இருக்கலாம். அவர்கள் தம் வாடிக்கையாளருக்கு எதிராக ஒரு பத்தி எழுத வேண்டிய நிலை வருவதில்லை. நமக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது.

இளம் தணிக்கையாளர் தாமாகச் செய்துகொண்ட மாற்றங்கள் சில. ஒருவரையும் அவர் வழி வந்தவர்களையும் ஒரே கணக்காகக் கொண்டு, எந்தக் கணக்கும் மொத்தக் கட்டணத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார். இது சட்டம் சொன்ன அளவு அல்ல, அவரே வகுத்துக்கொண்டது. பணம் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் தாமே ஆடிட்டராக இருக்க நேர்ந்தால், அதை இருவருக்கும் ஏற்பு நிலையிலேயே எழுத்தில் தெரிவிக்கிறார். ஜாப் ஒர்க் பாக்கியின் வயதுப் பட்டியலைச் செப்டம்பரில் கேட்காமல் பிப்ரவரி முதல் வாரத்தில் கேட்கிறார். அப்போது கேட்டால் வாடிக்கையாளர் மார்ச்சுக்குள் பணம் கொடுத்துத் தப்பிக்க வழி இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நாற்பது பேர் முன் பேசியவர், தம் தணிக்கை வாடிக்கையாளரான ஏற்றுமதியாளரின் பட்டியலை அந்த வாரமே கேட்டு வாங்கியிருந்தால், செப்டம்பரில் 23 லட்சம் என்ற தொகை பாதியாகவாவது குறைந்திருக்கும். இதை அவரே தம் பிழையாகச் சொல்கிறார், எனக்கும் அது பிழையாகவே படுகிறது.

எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது செப்டம்பர் 27 இரவு. நாற்பது பேர் கொண்ட வட்டத்தில் இரண்டாண்டு இருந்தவருக்கு, அன்று கூப்பிட்டுக் கேட்க என்னைத் தவிர ஒருவரும் இல்லை. வேலை கொடுப்பவர்களின் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனபோது, அதே கையெழுத்தைப் போடுபவர்களின் வட்டம் அவருக்குச் சுருங்கிவிட்டது. அவர் மறுபடி படிப்பு வட்டத்துக்கு வருகிறார். அதற்கு மேலாக, தனியாகத் தொழில் செய்யும் ஆறு இளம் தணிக்கையாளர்கள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை அவருடைய மாடி அறையில் கூடுகிறார்கள். வாடிக்கையாளர் பெயரைச் சொல்லாமல், மேசைமேல் நிற்கும் சிக்கலை மட்டும் வைத்துப் பேசுகிறார்கள். சென்ற கூட்டத்தில் எடுத்துக்கொண்ட பொருள், புதிய தணிக்கையாளரின் 8-ஆம் பிரிவுக் கடிதத்துக்கு ரகசியம் காத்தும் உண்மை மறைக்காமலும் பதில் எழுதுவது எப்படி என்பது.